ஏரியில்லாத துடுப்பு

2008 ஜூன் 3, செவ்வாய்

பள்ளி திறந்து இரண்டாம் நாள். ஒன்பதாம் வகுப்புக்கு இயற்கணிதம் தொடங்கினேன். நான்காம் பீரியடுக்குள் வலது முழங்கால் வீங்கிவிட்டது. கடைசியில் முன் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து பாடம் நடத்தினேன். பிள்ளைகள் கவனிக்கவில்லை. அல்லது கவனித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

மாலை குரோம்பேட்டையில் பிசியோதெரபி. சாராள் வயதில் என்னைவிட இளையவள், கண்டிப்பில் மூத்தவள். "தேய்மானத்தைத் திருப்ப முடியாது சிஸ்டர். தொடைச் சதை பலமானா மூட்டு மேல பாரம் குறையும். ரோட்டுல நடக்காதீங்க. ட்ரெட்மில் வேணாம். துடுப்பு போடற மெஷின் ஒண்ணு வீட்டுல வச்சுக்குங்க." எதற்காக இவ்வளவு அவசரம் என்று கேட்டாள். உடம்பு குறையவேண்டும் என்றேன்.

பொய். செப்டம்பரில் ரமலான். வருடாவருடம் எங்கள் தெருப் பெண்கள் தராவீஹ் என்கிற ரமலான் இரவுத் தொழுகைக்கு எங்கள் ஹாலுக்குத்தான் வருகிறார்கள். போன ரமலானில் அத்தனை பேரும் சஜ்தாவில் தரையில் நெற்றி வைத்திருக்க, பின்னால் நாற்காலியில் நான் மட்டும் குனிந்துகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் எல்லாம் முதுகுகள். நாற்காலியில் தொழலாம், தெரியும். என் கணவர் கலீலும் சொல்கிறார்: "முடியாதவங்களுக்கு அல்லாஹ்வே சலுகை கொடுத்திருக்கான். வாங்கிக்கிட்டா என்ன, குறைஞ்சா போயிடுவே?"

சலுகைதான். ஆனால் எனக்கு நெற்றியில் தரை படவேண்டும். இந்த ரமலானில். இதை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் எப்படிச் சொல்வது? எனக்கே பேராசை மாதிரி இருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

வேளச்சேரி கடைக்கு மூவரும் போனோம். பள்ளிக்கரணையைத் தாண்டும்போது குப்பை எரிகிற புகை. சோயா துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டே, "ம்மா, ஏரியே இல்லாம துடுப்பு போடப்போறீங்க. செம்பாக்கம் ஏரியில விட்டா ஓசிதானே?" என்றாள். பொத்தேரி காலேஜில் சேர்ந்ததிலிருந்து மகளுக்கு வாய் நீண்டுவிட்டது.

கடையின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே நடப்பதெல்லாம் ரோட்டுக்குத் தெரியும். ஜெயவேலு என்ற விற்பனையாளர் மூன்று வகை காட்டினார். ஒன்றில் இரண்டு பக்கமும் எண்ணெய் பிஸ்டன், பைக்கின் ஷாக் அப்சார்பர் மாதிரி. சின்னது, கட்டிலுக்கடியில் போய்விடும். இன்னொன்று காந்தத்தில் இயங்குவது, சத்தமே இல்லை. மூன்றாவதில் காற்றாடி, இழுக்க இழுக்க இரைகிறது.

"குந்திப் பாருங்க மேடம், செம ஸ்மூத்தா போவும்."

பர்தாவோடு, அந்தக் கண்ணாடிக்கு முன்னால், காலை நீட்டி மடக்கியா? "நீங்க உட்காருங்க" என்று கலீலைத் தள்ளிவிட்டேன். அவர் சந்தோஷமாக உட்கார்ந்து மூன்றையும் இழுத்துப் பார்த்தார். எனக்கான மெஷினை அவருடைய முழங்கால்கள் பரிசோதித்தன. எங்கள் மூவரில் ஒருவருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

தாம்பரம் மார்க்கெட்டில் பம்ப்செட் கடை வைத்திருக்கிறவர் அல்லவா. "மோட்டார் இல்ல, வைண்டிங் இல்ல, இதுக்கு எதுக்கு தம்பி இந்த விலை?"

"மோட்டார் இல்லாததுக்குத்தான் சார் விலையே. கரண்ட் போனா ட்ரெட்மில் நின்னுபூடும். இது மேடத்துக்குத் தெம்பு போனாத்தான் நிக்கும்."

கலீல் சிரித்துவிட்டார். பேரம் அதோடு போச்சு. பிஸ்டன் வகையே போதும், ரமலானில் கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம் என்றார். நானும் தலையாட்டினேன்.

ஜூன் 14, சனி

மெஷின் வந்தது. எதிர்வீட்டு சரசு அக்கா வாசல்வரை வந்து பார்த்துவிட்டு, "எக்சர்சைஸா? வூட்டு வேலை பத்தலியா உனக்கு?" என்றாள். சிரித்துவைத்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

சோயா கையைப் பிடித்து உட்காரவைத்தாள், கையைப் பிடித்து எழுப்பினாள். நடுவில் நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 19, வியாழன்

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

பள்ளியிலிருந்து வந்தேன். வீட்டில் யாருமில்லை, கரண்ட்டும் இல்லை. சரி என்று நைட்டிக்கு மாறி மெஷினில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேனா — விழுந்தேன். இருக்கை தரையிலிருந்து ஒரு சாண்தான். கொஞ்சம் இழுத்திருப்பேன், நைட்டியின் ஓரம் இருக்கைக்கடியில் உள்ள சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. அதை விடுவித்து எழப் பார்த்தால், முடியவில்லை. பிடிக்க ஒன்றுமில்லை. இருக்கை பின்னால் உருள்கிறது, நானும் கூடவே போகிறேன். சாப்பாட்டு மேசையில் செல்போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது. வேறு வழியில்லாமல் பக்கவாட்டில் சரிந்து தரைக்கு வந்து, கையை ஊன்றி, சோபா வரை நகர்ந்து... சோபாவுக்கடியில் நூலாம்படை. பெருக்குகிறவள் அங்கே துடைப்பமே விடுவதில்லை போல.

அப்போது மாலைத் தொழுகைக்கு அஸர் பாங்கு கேட்டது. நான் தரையில் இருக்கிறேன். இத்தனை நாள் ஏங்கின தரை. நெற்றிக்கும் அதற்கும் அரை முழம்கூட இல்லை. எனக்கு சஜ்தா ஞாபகமே வரலையே! எப்படி எழுந்திரிக்கிறது, எப்படி எழுந்திரிக்கிறது, அது ஒண்ணுதான். யாராவது வந்து பாத்துடுவாங்களோன்னு பயம். யாருமே வராம போயிடுவாங்களோன்னும் பயம். யா அல்லாஹ், இதுக்கா நான் இவ்வளவு ஆசைப்பட்டேன்?

கலீல் வரும்போது எப்படியோ சோபாவில் ஏறியிருந்தேன். "கண்ணு ஏன் இப்படி சிவந்திருக்கு?" வெங்காயம் என்றேன். அடுப்பு பற்றவைக்கவே இல்லை. அவர் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

ஜூன் 21, சனி

சாராளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நாற்காலி, ரமலான், வியாழக்கிழமை, எல்லாம்.

"ஏன் சிஸ்டர் முதல்லயே சொல்லல? உடம்பு குறையறதுக்கு ஒரு வழி, தரையிலேர்ந்து எழறதுக்கு வேற வழி. நீங்க இறங்கறத மட்டுமே யோசிச்சிருக்கீங்க."

உனக்குப் புரியுமோ என்னவோ என்று இருந்தது என்றேன்.

"எங்க சர்ச்லயும் முழங்கால் போட்டுத்தானே ஜெபம் பண்றோம்? எங்கம்மா இப்ப பெஞ்சுலயேதான் உட்கார்ந்திருக்காங்க. மத்தவங்க முழங்கால் போடறப்ப அவங்க முகத்தை நான் பார்த்திருக்கேன்."

அப்புறம் பழைய கண்டிப்பு திரும்பிவிட்டது. இருக்கை நாற்காலி உயரத்துக்குக் கிட்டத்தட்ட வரவேண்டும். முழங்காலை முழுக்க மடக்கக் கூடாது. இருக்கை ஓடுகிற சட்டத்தில் பாதியில் துணியைச் சுற்றிக் கட்டிவிட வேண்டும், அதைத் தாண்டி முன்னால் போகாமல். "கடையில நீங்களே உட்காருங்க, நீங்களே எழுந்திரிங்க. யார் கையும் பிடிக்காம. எழ முடியாத மெஷினை வாங்காதீங்க." சஜ்தா வரும் என்று வாக்குக் கொடுக்க மாட்டாளாம். முயற்சி செய்யலாம், அவ்வளவுதான்.

ஜூன் 28, சனி

"மெஷினை மாத்தணும்" என்றேன்.

"ஏன், நல்லாத்தானே ஓடுது?"

"உங்களுக்கு ஓடுது."

கலீலிடம் அந்த வியாழக்கிழமை நடந்ததைச் சொன்னேன். பாதியில் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து மீதியையும் கேட்டார். அப்புறம் பழைய மெஷினை ஏற்றிப்போகத் தன் பம்ப்செட் கடை டெம்போவை வரச்சொன்னார்.

வேளச்சேரி கடைக்குப் பர்தாவுக்குள் சுடிதார் போட்டுக்கொண்டு போயிருந்தேன். கண்ணாடிக்கு வெளியே சிக்னலில் ஒரு பஸ் நின்றிருந்தது. ஜன்னலோரத்தில் முகங்கள். உட்கார்ந்தேன். காற்றாடி மெஷினில் என்னால் எழ முடியவில்லை. ஜெயவேலு கைகொடுக்க ஓடிவந்தார். "வேணாம். அங்கேயே நில்லுங்க" என்றேன். வகுப்பில் பேசுகிற குரல். பாவம், அப்படியே நின்றுவிட்டார். பக்கத்து மெஷினைப் பிடித்து ஒருவழியாக எழுந்தேன். காந்த வகையில் உயரமான ஒன்று பின்பக்கம் இருந்தது. அதில் உட்கார்ந்து, இழுத்து, கைகளைத் தொடையில் ஊன்றி எழுந்தேன். முதல் தடவை சரியவில்லை. இரண்டாம் தடவையும் சரியவில்லை.

"இது கட்டிலுக்கடியில போகாதே" என்றார் கலீல். "ஹால்ல போட்டா ரமலான்ல பொம்பளைங்க எங்க நிப்பாங்க?"

"நிமித்தி நிறுத்திக்கலாம் சார். பீரோ மாதிரி மூலையில நிக்கும்."

"எடுத்துக்கலாம்" என்றேன். என்னைக் கேட்காமல் நானே சொன்னது போல இருந்தது.

ஜூலை 9, புதன்

விடியற்காலையில் ஃபஜ்ர் தொழுகைக்குப் பிறகு தினமும் மெஷின். துடுப்பென்றால் கைக்கு வேலை என்று நினைத்திருந்தேன். இல்லை, எல்லாம் காலில்தான் தொடங்குகிறது. கை கடைசியில் வந்து சேர்ந்துகொள்கிறது.

ஜூலை 24, வியாழன்

வலி. ஒன்றும் மாறவில்லை. காசைக் கொட்டி ஒரு பீரோ வாங்கியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சாராள் தரையிலிருந்து எழச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். முதலில் வலுவான காலை முன்னால் ஊன்றவேண்டும், கை ஸ்டூலில். இன்று வீட்டில் செய்து பார்த்தேன். பிடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் சோயா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். எழுந்துவிட்டேன்.

"ம்மா, எழுந்திரிக்கும்போது உங்க மூஞ்சி ஃபீஸ் கட்டாத பையனைப் பார்க்கற ஹெச்.எம். மாதிரி இருக்கு."

சிரித்ததில் மறுபடி கீழே போகப் பார்த்தேன். ஆனால் எழுந்தது உண்மை.

இன்னொன்றும் உண்மை. நடுவில் ஒரு வாரம், மெஷின் இடத்தை அடைக்கிறது, இந்த வருடம் தராவீஹை ஆஃபியா வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாமா என்று இருந்தேன். ஆஃபியாதான் எங்களுக்குத் தொழவைக்கிற பெண், மதரஸாவில் ஓதிக்கொடுக்கிறாள். இடம் ஒரு சாக்கு. அந்த முதுகுகளை இன்னொரு வருடம் பார்க்க எனக்கு மனமில்லை. சொல்லாமல் இருந்தது நல்லதாயிற்று.

செப்டம்பர் 1, திங்கள்

பிறை பார்த்தாயிற்று. மெஷின் மூலையில் நிற்கிறது. ஹால் நிறையப் பெண்கள். நான் நாற்காலியில்தான் தொழுதேன். முழங்காலைக் குறை சொல்ல முடியாது. தைரியம் வரவில்லை.

செப்டம்பர் 13, சனி

இன்று தொழுகை தொடங்க இகாமத் சொன்னதும் வரிசையின் ஓரத்தில், சுவரை ஒட்டி, போய் நின்றேன். பக்கத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு இன்னும் நெருங்கி என் தோளோடு தோள் சேர்த்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

சுவரில் கையை வைத்து மெதுவாகத்தான் இறங்கினேன். நெற்றி பாயில் பட்டது. கோரை வாசம். இந்த நேரத்தில் கேட்கவேண்டும் என்று நாள் கணக்கில் சேர்த்துவைத்திருந்த ஒன்றுகூட வாயில் வரவில்லை. சும்மா இருந்தேன். இரண்டு ரக்அத், தொழுகையின் இரண்டு சுற்று, முடிந்ததும் முழங்கால் எச்சரித்தது. மீதியை நாற்காலியில் தொழுதேன். அதில் வருத்தமில்லை.

ஆனால் அந்த முதல் ரக்அத்தை எழுதி முடிக்கிறேன். சஜ்தா முடிந்து அடுத்த ரக்அத்துக்கு எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நான் காலை முன்னால் ஊன்றி, சுவரைப் பிடித்து, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி. நான் நிமிர்வதற்குள் ஆஃபியா, எழுந்து நின்றதும் ஓதுகிற அல்ஹம்து சூராவில் பாதி தாண்டிவிட்டாள். மீதிப் பாதிக்கு நான் நின்றுகொண்டிருந்தேன்.