மாஸ்டருக்கு இடம் பார்த்தது

1997 ஜூலை 1, செவ்வாய்

வெயில். ஜூலை என்று பேர்தான். கத்திரி இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. தண்ணீர் லாரி வரவில்லை. குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

டாக்டர் நேற்றுச் சொன்னதை இன்று எழுதுகிறேன். நேற்று கை வரவில்லை. மாஸ்டருக்கு இனி வைத்தியம் என்று ஒன்றும் இல்லை. வயிற்றில் ஆரம்பித்தது முதுகெலும்புக்குப் போய்விட்டது. வலிக்கு மட்டும் பார்க்கலாம். அதற்கு நல்ல மருந்து மார்ஃபின். மருந்துக்கடையில் கிடைக்காது, லைசென்ஸ் உள்ள இடத்தில்தான் கொடுப்பார்கள். கடைசிக் காலத்து நோயாளிகளை வைத்துப் பார்க்கிற இல்லங்கள் இந்தப் பக்கத்திலேயே இரண்டு மூன்று இருக்கின்றன, போய்ப் பார்த்து முடிவு பண்ணுங்கள் என்றார்.

மாஸ்டர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "சரியான ஆள்கிட்டதான் சொல்லியிருக்கீங்க டாக்டர். இவங்க ரிட்டையர்டு ஸ்கூல் இன்ஸ்பெக்டர்" என்றார். டாக்டர் சிரித்தார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

(டைரியில்கூட அவரை மாஸ்டர் என்றுதான் எழுத வருகிறது. கல்யாணமான புதிதில் அவருடைய டிராயிங் கிளாஸ் பிள்ளைகள் கூப்பிட்டதைக் கேட்டு ஒட்டிக்கொண்டது.)

பார்க்க வேண்டியவை:
சொல்லிக்கொள்ளாமல் போவது.
ஆபீஸ் ரூம் வேண்டாம். சமையற்கட்டு முதலில், பிறகு கக்கூஸ்.
முதல் பெஞ்சில் கேட்கக் கூடாது. கடைசி பெஞ்சில் கேட்பது.
வலிக்கு மருந்து உண்டா. இதை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

ஜூலை 2, புதன்

அடையாறு. மரம் அடர்ந்த தெரு, பெரிய கேட். போன் பண்ணாமல் வந்தால் விட மாட்டார்களாம். அதனால் பண்ணிவிட்டே போனேன். அதுவே முதல் குறை.

எல்லாப் படுக்கையிலும் விரிப்பில் மடிப்புக் கோடு. ஒரு கட்டிலில் இருந்தால் அழுக்கானதை மாற்றினார்கள் என்று அர்த்தம். எல்லாக் கட்டிலிலும் இருந்தால் எனக்காக மாற்றினார்கள் என்று அர்த்தம். இன்ஸ்பெக்‌ஷன் அன்று மட்டும் கழுவின கரும்பலகைகள் எத்தனை பார்த்திருக்கிறேன்.

கடைசிக் கட்டிலில் ஒரு பெரியவர். சாப்பாடு எப்படிங்க என்றேன். வாயைத் திறப்பதற்கு முன் என் தலைக்கு மேலே பார்த்தார். பின்னால் மேட்ரன். "ரொம்ப நல்லாயிருக்கு" என்றார். ஆளைக் கூப்பிடுகிற மணி அலமாரி மேல், அவர் கை எட்டாத உயரத்தில். மருந்து இருக்கிறதாம், டாக்டர் வரும் நாளில் தருவார்களாம்.

முடிவு: தேறாது.

மாஸ்டரிடம் சொன்னேன். "நீ செத்து நரகத்துக்குப் போனாலும் எண்ணெய்க் கொப்பரைய எட்டிப் பார்த்து, சூடு பத்தலன்னு ரிமார்க்ஸ் எழுதுவ" என்றார். சிரித்தார். சிரித்தால் முதுகு பிடிக்கிறது, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஜூலை 3, வியாழன்

தோமையார் திருவிழா. விடியற்காலையிலிருந்து ஒலிபெருக்கி. காலைப் பூசைக்கு மட்டும் ஓடிப்போய் வந்தேன்.

கோயில் வாசலில் பங்குச் சாமியார் நிறுத்தினார். "மாஸ்டருக்கு நோயில் பூசுதல் குடுத்துடலாமேம்மா. எப்ப வரட்டும்?" அந்த அளவுக்கு இன்னும் வரல சாமி என்றேன். சாகக் கிடப்பவருக்கு எண்ணெய் பூசி ஜெபிப்பது. எங்கள் வீட்டில் அதற்கு அவஸ்தை என்றுதான் பேர். அவஸ்தை கொடுத்தால் அன்றைக்கே ஆள் போய்விடும் என்று அம்மா சொல்வாள். அவளுக்கும் அப்படித்தான் ஆயிற்று. நான் படித்தவள், இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் தேர் பார்க்க ஜன்னல் ஓரம் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். தேர் தெருமுனை திரும்புவதற்குள் அவரால் முடியவில்லை. திரும்பப் படுக்க வைத்தோம், நானும் மாடி வீட்டுப் பையனும். பேண்டு சத்தம் மட்டும் கேட்டது. "டிரம்பெட்காரன் குடிச்சிருக்கான்" என்றார், கண்ணை மூடிக்கொண்டே.

ஜூலை 4, வெள்ளி

கோட்டூர்புரம். ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு பழைய மாடி வீடு. சொல்லாமல் போனேன். ஈரக் கையோடு கதவைத் திறந்தவர் சிஸ்டர் லூர்து. யாரைப் பார்க்கணும் என்றார். சமையற்கட்டை என்றேன். ஒரு நிமிஷம் விழித்தார். "வாங்க, வழுக்கும், பாத்து வாங்க" என்று கூட்டிக்கொண்டு போனார்.

காலை பத்து மணிக்கு அடுப்பில் மீன் வறுவல். யாரோ கேட்டாராம். இன்னொரு அம்மாள் படுக்கையில் உட்கார்ந்து ஐஸ்க்ரீம். வெராந்தாவில் ஒரு நோயாளி பீடி குடிக்கிறார், ஒரு சின்ன சிஸ்டர் சாம்பல் விழ டப்பா மூடியை ஏந்திக்கொண்டு நிற்கிறாள்!

கடைசிக் கட்டில்காரர் அந்தப் பீடிக்காரர்தான். தாஸ், ஆட்டோ ஓட்டினவர், தொண்டையில் கட்டி. எப்படி இருக்கிறது இங்கே என்று கேட்டேன். யார் முகத்தையும் பார்க்கவில்லை. "வரசொல்லோ கத்திக்கினு வந்தேம்மா. நாலு பேரு புட்ச்சிக்கினு இருந்தாங்கோ. இப்போ குந்திக்கினு கீறேன். வேற இன்னா வோணும்?"

மருந்து? "இருக்கும்மா. நேரத்துக்கு நேரம் குடுத்துருவோம். வலி வரட்டும்னு காத்திருக்க மாட்டோம்" என்றார் சிஸ்டர்.

குறைகள்: கொசு. ஆற்று நாற்றம். பீடி. நோயாளியின் காலடியில் பூனை தூங்குகிறது. சாப்பாட்டுக்கு நேரம் காலம் இல்லை. பெயர்ப்பலகையில் பெயிண்ட் உரிந்திருக்கிறது.

முடிவு: இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

எப்படி இருந்தது என்று மாஸ்டர் கேட்டார். கொசு என்றேன். "நம்ம வீட்டுக் கொசு என்ன, ஜெபமாலை சொல்லுதா?"

ஜூலை 6, ஞாயிறு

திருச்சியிலிருந்து ஜெசிந்தா போன். மாஸ்டரின் தங்கை. யார் சொன்னார்களோ. "அண்ணனை எங்கயோ கொண்டுபோய்த் தள்ளப் போறீங்களாமே அண்ணி? ரெண்டு பேரும் சம்பாதிச்சீங்க, புள்ளையா குட்டியா. ஒரு ஆள் போட்டுப் பாத்துக்கக் கூடாதா? அவரு என்ன அநாதையா?"

இன்னும் எந்த இடமும் சரிப்படல ஜெசிந்தா என்றேன். அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது. எனக்கும்.

தள்ளுவது. நல்ல வார்த்தை கண்டுபிடித்தாள். இவள் வந்து ஒரு நாள் அவரைப் புரட்டிப் படுக்க வைக்கட்டும், பார்க்கலாம்.

இன்று குளிப்பாட்ட விடவில்லை. கை பட்டாலே வலி. ஈரத்துணியால் முகம் மட்டும். கட்டில் கம்பியைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்திருந்தது. வீட்டில் இருக்கிற மாத்திரையைத் தின்றாலும் ஒன்றுதான், தின்னாவிட்டாலும் ஒன்றுதான்.

ஜூலை 7, திங்கள்

தி.நகர். புடவைக் கடைகளுக்குப் பின்னால் சந்தில் ஒரு நர்சிங் ஹோம், மாடியில் நான்கு அறைகள் இதற்கென்று. லிஃப்ட் இல்லை. டெட்டால் வாசனை, அதற்கு அடியில் வேறொரு வாசனை. கடைக்காரன் தள்ளுபடி தள்ளுபடி என்று மைக்கில் கத்துவது நோயாளியின் காதுக்குள் கேட்கிறது. ஆயா வெராந்தாவிலிருந்து குரல் கொடுக்கிறாள்: "ஏழாம் நம்பர் மூத்திரம் போய்ட்டாரா?" ஏழாம் நம்பருக்கு ஒரு பேர் இருக்கும், அவளுக்குத் தெரியாது. மருந்து பற்றிக் கேட்டேன், ஊசி போடுவோம் என்றார்கள். என்ன ஊசி? டாக்டரைக் கேளுங்கள்.

தேறாது. கேள்வியே இல்லை.

திரும்பும்போது மனசு லேசாக இருந்தது. ஏன் என்று யோசிக்கவில்லை. உள்பாவாடை ஒன்று வாங்கினேன், பேரம் பேசினேன், பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது.

ஜூலை 9, புதன்

மறுபடி கோட்டூர்புரம். சாப்பாட்டு நேரத்தில், அதுவும் பின்வாசல் வழியாக. போன தடவை எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. அதே ஈரக் கை, அதே பூனை. தாஸ், "இன்னாம்மா, மறுக்காவும் வந்துகீறே? எங்கள எல்லாம் எண்ணிக்கினு போறியா?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. எதற்கு என்று தெரியவில்லை.

ராத்திரி எத்தனை பேர் கண் விழிப்பார்கள், தண்ணீர் காய்ச்சினதா, துணி எங்கே காயப்போடுகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனேன். சிஸ்டர் லூர்து எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பிறகு அவர் ஒன்று கேட்டார். "அய்யா எப்படி இருக்காரும்மா?"

சமாளிக்கிறார் என்றேன்.

"ஒரு கட்டில் காலி ஆயிருக்கு. கூட்டிட்டு வர்றீங்களா?"

எப்படிக் காலியாயிற்று என்று கேட்கவில்லை. ஐஸ்க்ரீம் சாப்பிட்ட அம்மாள் கண்ணில் படவில்லை. சொல்லி அனுப்புகிறேன் என்றேன், எங்கள் ஆபீஸ் குமாஸ்தா சொல்கிற மாதிரி.

குறை: கேட் கிரீச்சிடுகிறது.

ஜூலை 11, வெள்ளி

பட்டினப்பாக்கத்திலிருந்து மீன் கொண்டுவருகிற அஞ்சலை கூடையை இறக்கவே இல்லை. வாசலில் நின்று, "மாஸ்டரு மொனவுறது தெருக்கோடிக்குக் கேக்குதும்மா. நீ இன்னா பண்ணிக்கினு கீறே?" என்றாள். என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. மீன் வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

வீட்டுக்குள் எனக்கு முனகல் கேட்கவில்லையே என்று நினைத்துக்கொண்டு கஞ்சிக் கிண்ணத்தை எடுக்க அறைக்குள் போனேன். கதவு சத்தம் இல்லாமல் திறந்துவிட்டது. மாஸ்டர் துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். ஜன்னல் பக்கம் திரும்பி. நான் சமையற்கட்டில் இருப்பேன், எனக்குக் கேட்கக் கூடாது என்று. தெருவுக்குக் கேட்டிருக்கிறது, எனக்குத்தான் கேட்கவில்லை. என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்துவிட்டு, "ஒண்ணுமில்ல, வேர்வை" என்றார்.

இதையும் எழுதிவிடுகிறேன். ஒரு இடம் தேறிவிட்டது என்று நான் சொன்னால், அவரை அங்கே விட்டுவிட்டு இந்த வீட்டுக்கு நான் மட்டும் திரும்பி வர வேண்டும். எல்லாவற்றையும் பெயில் போட்டுக்கொண்டிருக்கும் வரை அவர் இந்தக் கட்டிலில் இருப்பார். அவ்வளவுதான் விஷயம். கொசுவும் இல்லை, பூனையும் இல்லை. அங்கே அவருக்கு வலி போகும் என்று முதல் நாளே எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்திருக்கிறேன். அழுதேன். குழாயைத் திறந்துவிட்டு அழலாம் என்றால் குழாயில் தண்ணீர் இல்லை.

டெலிபோன் பூத்துக்கு ஓடினேன் (வீட்டிலிருந்து பேசினால் அவருக்குக் கேட்கும்). சிஸ்டர் லூர்துதான் எடுத்தார். காலியாக இருந்த கட்டில் நேற்று நிரம்பிவிட்டதாம். தாஸ் தன் கட்டிலைத் தருகிறேன், வெராந்தாவில் படுத்துக்கொள்கிறேன் என்கிறாராம். ஆனால் டாக்டர் ஊரில் இல்லை, அவர் பார்க்காமல் மருந்து ஆரம்பிக்க முடியாது. "திங்கக்கிழமை காலையில வந்துருங்கம்மா."

நேற்றைக்கு முந்தின நாள் டாக்டர் இருந்தார். கட்டிலும் இருந்தது.

ஜூலை 12, சனி

மேகமூட்டம். மழை இல்லை. எழுத ஒன்றும் இல்லை. துண்டு வேண்டாம், கத்துங்க என்றேன். கத்தினார்.

ஜூலை 14, திங்கள்

டாக்சி. வேட்டி நாலு, பனியன், கண்ணாடி, ஜெபமாலை, போர்வை. தெருவில் எல்லார் ஜன்னலிலும் முகம். பார்க்கட்டும். மேடு பள்ளம் வரும்போதெல்லாம் டிரைவர் மெதுவாக்கி, "சாரி சார், சாரி சார்" என்றார். மாஸ்டர் என் கையை நசுக்கிவிட்டார்.

டாக்டர் சின்ன வயசு. மாஸ்டரிடமே எல்லாம் கேட்டார், என்னிடம் இல்லை. ஒரு சின்ன மூடி அளவு மருந்து, தண்ணீர் மாதிரி. கசப்பாம். அரை மணி கழித்து இன்னும் கொஞ்சம்.

சிஸ்டர், "சாமியார வரச் சொல்லட்டுங்களா?" என்றார். நான் வாய் திறந்தேன். அதற்குள் மாஸ்டர், "வரச் சொல்லுங்க சிஸ்டர். இவங்களைக் கேட்டா அவருக்கும் இன்ஸ்பெக்‌ஷன் போடுவாங்க" என்றார். சாயங்காலம் சாமியார் வந்து பூசினார். நெற்றியிலும் உள்ளங்கையிலும் எண்ணெய். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. மாஸ்டர் சாப்பிட ரசம் கேட்டார்.

ஏழு மணிக்கு என்னைப் போகச் சொன்னார்கள். போனேன்.

ஜூலை 15, செவ்வாய்

வீடு. கட்டில் காலி. விரிப்பை எடுக்கவில்லை.

காலையில் ஜெசிந்தா போன். கொண்டுபோய் விட்டுட்டீங்களா என்று ஒரே அழுகை. நாலு இடம் ஏறி இறங்கி நல்லதாகத்தான் பார்த்து விட்டிருக்கிறேன், அதற்குத்தான் இவ்வளவு நாள் ஆயிற்று என்றேன். குரல் நடுங்காமல் சொன்னேன். எத்தனை மீட்டிங்கில் பேசினவள்.

கோட்டூர்புரம் போனபோது மாஸ்டர் தூங்கிக்கொண்டிருந்தார். பகல் முழுக்கத் தூக்கம். உள்ளங்கை விரிந்து கிடந்தது. மாதக்கணக்காய் அந்தக் கையை முஷ்டியாகத்தான் பார்த்திருக்கிறேன். பயந்துபோய் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். தாஸ் வெராந்தாவிலிருந்து, "தூங்கட்டும்மா. நானும் வந்த அன்னிக்கு அப்டித்தான் தூங்கனேன்" என்றார்.

ஜூலை 16, புதன்

விடிகாலையில் மழை. கோட்டூர்புரம் போகும் வழியெல்லாம் தண்ணீர்.

மாஸ்டர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சவரம் ஆகியிருந்தது. அரை இட்லி சாப்பிட்டாராம். முகம் பழைய முகம். இவர் முகம் இப்படித்தான் இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. பூனை காலடியில். விரட்டவில்லை நான்.

கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். "ரீத்தா, இந்த எடத்த நீ மொதல்ல எப்பப் பார்த்த?"

பொய் சொல்லியிருக்கலாம். போன வாரக் கடைசி என்று சொன்னால் முடிந்தது. திருவிழாவுக்கு மறுநாள் என்றேன்.

எண்ணிப் பார்த்தாரா என்று தெரியவில்லை. கோபம் இல்லை முகத்தில். ஆச்சரியம்தான்.

"வலியே இல்ல ரீத்தா" என்றார். "முன்னாடியே வந்திருக்கலாமே."

"வந்திருக்கலாங்க" என்றேன்.