முப்பத்தொன்றில் இரண்டு

என் பெஞ்சுத் தோழனும் தங்கச்சி வீட்டு மாப்பிள்ளையுமான தங்கப்பாண்டிக்கு,

உன் மக்காச்சோளக் காட்டுப் பொறியில் ஒரே வாரத்தில் முப்பத்தொரு அந்துப்பூச்சி விழுந்தது. அதில் படைப்புழுவின் பூச்சி இரண்டே இரண்டு. இருபத்தாறு வேறு இனம். மூன்றை எதுவென்று சொல்ல முடியவில்லை. நான் முப்பத்தொன்றுக்கும் சேர்த்து மருந்து அனுப்பினேன். உன் காட்டுக்கு மட்டுமல்ல, பரளச்சிப் பக்கம் பாதிக் காடுகளுக்கு இதே கணக்கில் விற்றேன்.

நீ போனது சித்திரையில். இப்போது தை பிறந்துவிட்டது. இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்று கேட்பாயா? வெட்கம்தான், வேறென்ன. நான் எழுதுவதை நாலு பேர் படிக்கட்டும். உன்னைப் பார்த்து நான் சிரித்தபோது நாலு பேர் இருந்தார்கள் அல்லவா?

நீ போன மூன்றாம் நாள் விலக்கு ரோட்டில் உனக்கு ஒரு அஞ்சலி பிளக்ஸ் வைத்தார்கள். 'விவசாய விஞ்ஞானி' என்று போட்டு, உன் தலைக்கு இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு நீல வண்ணத்துப்பூச்சி. வாழ்நாள் முழுக்க அந்துப்பூச்சி பார்த்தவனுக்கு வண்ணத்துப்பூச்சி! எது எதுவென்று தெரியாத கூட்டம்தான் உனக்குப் பட்டம் கொடுத்தது. கீழே கைகூப்பி நின்ற பதினான்கு பேரில் உன்னைப் 'பூச்சிப் பைத்தியம்' என்று சொல்லாதவன் ஒருவன் இருந்தால் காட்டு. பதினான்காவது படம் என்னுடையது. நல்ல படம். கடைத் திறப்பு விழாவில் எடுத்தது.

அந்தக் கடையில்தான் நடந்தது. சைக்கிளில் சாக்கு விற்றுத் தொடங்கி, பந்தல்குடி ரோட்டில் கண்ணாடி மேசை போட்டு உரமும் பூச்சிமருந்தும் விற்கும் அளவுக்கு வந்தவன் நான். அந்தத் திமிர் எனக்கு உண்டு, உனக்குத் தெரியும். முந்தின வருஷம் ஐப்பசி, வியாபார நேரம். நீ வந்து மேசைமேல் இரண்டு தீப்பெட்டிகளை வைத்தாய்.

"மச்சான், இது ரெண்டையும் ஒண்ணுன்னு எண்ணிக்கிட்டு இருக்கோம். தொறந்து பாரு."

நான் பார்க்கவில்லை. "ஏலே மாப்ளே, ஊர்ல பொண்ணுக்கு ஜாதகம் பாப்பாக. நீ பூச்சிக்குப் பாக்குறியேலே" என்றேன். கடையே சிரித்தது. அது போதவில்லை எனக்கு. பீடிக்கு நெருப்புக் கேட்ட லாரி டிரைவரிடம் உன் தீப்பெட்டியில் ஒன்றை எடுத்து நீட்டினேன். அவர் திறந்தார். குச்சி இல்லை, பூச்சி! பதறிக் கீழே போட்டார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

நீ குனிந்து அதை எடுத்தாய். "செறகுப் பொடி போச்சு மச்சான். இனி இது எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது" என்று மட்டும் சொன்னாய். இரண்டையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாய். அதன்பிறகு மருந்து வேண்டுமென்றால் காரியாபட்டி போனாயே தவிர, என் கடைப்படி ஏறவில்லை. ஏன்டா ஒரு வார்த்தை திட்டவில்லை? திட்டியிருந்தால் நான் பதிலுக்குத் திட்டியிருப்பேன், அன்றைக்கே முடிந்திருக்கும்.

இந்த வருஷக் கதையைக் கேள். கம்பெனி ஆள் ஒருவர் மதுரையிலிருந்து வருகிறார். பளபளப்பான ஷூவில் புழுதி படாமல் கரிசல்காட்டில் நிற்கத் தெரிந்தவர். தெரிந்தது அது ஒன்றுதான். "பொறியில பத்துக்கு மேல விழுந்தா அடிக்கச் சொல்லுங்க சார்" என்பார். எது பத்து என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பொறியை இலவசமாகக் கொடுத்துவிட்டு மருந்தை விலைக்கு விற்கலாம் என்ற யோசனை மட்டும் என்னுடையது. பெருமையாகத்தான் இருந்தது.

பொறிக்குள் இருக்கிற ரப்பர் துண்டில் படைப்புழுவின் பெண்பூச்சி வாசனை. அதை நம்பி ஆண்பூச்சி வரும். ஆனால் அந்த வாசனைக்கு வேறு இனமும் ஏமாந்து வந்து விழும் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நீ ஒருவன் சொல்ல வந்தாய். காலையில் வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவராகப் பூச்சிப் பையைப் படம் பிடித்துப் போடுவார்கள். "பதினெட்டு அண்ணாச்சி." "இருபத்திநாலு அண்ணாச்சி." நான் கடையில் உட்கார்ந்தபடியே "அடிங்க" என்று போடுவேன். படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்க மாட்டேன். மருத்துவம் பார்த்தேன் என்று நினைப்பு வேறு.

என் தங்கச்சி செல்வி காட்டை விடவில்லை. உன் அண்ணன் தம்பிகள் ஆறு ஏக்கரையும் குத்தகைக்குக் கேட்டார்கள். பொம்பளை ஒருத்தி மானாவாரியை எப்படிப் பார்ப்பாள் என்று வீடு நிறைய உட்கார்ந்து அக்கறைப்பட்டார்கள். அக்கறை! உன் பதினாறாம் நாள் முடியுமுன்னே வரப்பை அளந்தவர்கள் அவர்கள். நானும் அவர்களோடு சேர்ந்துகொண்டேன். "இந்த வெள்ளாமை ஒண்ணு பாரு தாயி. சரியா வரலைன்னா அவுக கையில குடுத்துரு" என்று பேசி முடித்தவன் நான்தான். அவள் தலையை ஆட்டினாள். ஆக, இந்த ஒரு மக்காச்சோளம் தப்பினால்தான் காடு அவளுடையது.

அந்தக் காட்டில்தான் முப்பத்தொன்று. பதறிப்போய் ஆட்டோவில் மருந்து ஏற்றி அனுப்பினேன். ஆட்டோ லோடோடு திரும்பி வந்தது. போன் போட்டேன்.

"வேணாம்ணே."

"முப்பத்தொண்ணு விழுந்திருக்கு. என்ன வேணாம்?"

"எண்ணுனீக. பாத்தீகளா?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. மறுநாள் விடிந்ததும் கம்பெனி ஆளையும் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். செல்வி வரப்பில் உட்கார்ந்து, பையில் இருந்ததைச் சுளகில் கொட்டியிருந்தாள். பருப்பில் கல் பொறுக்குவதுபோல ஒரு உடைமரத்து முள்ளால் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உன் தீப்பெட்டிகள். பேர் தெரியாததால் நீ பேரே எழுதவில்லை. ஒன்றில் 'வெள்ளை முனை'. இன்னொன்றில் 'தட்டை நிறம், அது இல்லை'.

கம்பெனி ஆள் போனை நீட்டினார். பூச்சியைப் படமெடுத்தால் பேர் சொல்லும் செயலி. முதல்முறை ஒரு பேர் சொன்னது. கொஞ்சம் சாய்த்துப் பிடித்தார், இன்னொரு பேர். நிழலில் வைத்தார், மூன்றாவது பேர்.

"பேரு வைக்க வந்த சொந்தக்காரக மாதிரி ஆளுக்கொண்ணு சொல்லுதே சார் ஒங்க போனு" என்றாள் செல்வி, தலை நிமிராமல்.

பிறகு எனக்குக் காட்டினாள். தூரத்தில் பார்த்தால் எல்லாம் ஒரே மண்நிறம்தான். முள்ளால் மேல்சிறகை விரித்ததும் வேறாகிவிட்டன. படைப்புழுவின் ஆண்பூச்சிக்குச் சிறகு நுனியில் முக்கோணமாக ஒரு வெள்ளை, நடுவில் சாய்வாக வெளிர் தடம். மற்றதற்கு அது இல்லை. காய்ந்த சோளத்தட்டை நிறம், நீளவாக்கில் நரம்பு நரம்பாகக் கோடு, நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. இவ்வளவுதான். கண் இருக்கிற எவனுக்கும் தெரியும். எனக்குத் தெரிய இருபத்திரண்டு வருஷ வியாபாரம் போதவில்லை.

"இந்த மூணு மட்டும் தெரியலண்ணே. பைக்குள்ள அடிச்சுக்கிட்டதுல பொடி போயிருச்சு."

'தெரியல.' என் கடையில் நான் ஒருநாளும் சொல்லாத வார்த்தை. கம்பெனி ஆளுக்கு அப்படி ஒரு வார்த்தை இருப்பதே தெரியாது.

"நீ எப்ப தாயி இதெல்லாம் படிச்ச?" என்றேன்.

"படிக்கவா செஞ்சேன்? காலையில காப்பி குடிக்க விடுவாகளா அவுக? டம்ளர் பக்கத்துலயே பூச்சியக் கொண்டாந்து வச்சுருவாக. இதப் பாரு, அதப் பாருன்னு. தொல்லை தாங்காமப் பாத்தேன்." சொல்லிவிட்டு உன் தீப்பெட்டிகளை மூடி மடியில் கட்டிக்கொண்டாள்.

அவள் அடிக்கவில்லை. தினம் காலையில் பொறியைப் பார்த்தாள், வரிசைக்கு இருபது பயிர் என்று குருத்தை விரித்துப் பார்த்தாள். சுற்றிலும் எல்லோரும் அடித்து முடித்துவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். உன் அண்ணன் வரப்பில் நின்று, "பூச்சிக்குப் பூச்சி மாலை போடச் சொன்னானா ஒம்புருசன்?" என்று கேட்டுவிட்டுப் போனாராம். எனக்கும் பயம்தான். அவள் கணக்குத் தப்பினால் காடு போகும். பேசி முடித்த வாய் என்னுடையது.

பன்னிரண்டாம் நாள் போன் வந்தது. "அண்ணே, இன்னைக்குப் பதினேழு. பதினாலு வெள்ளை முனை. குருத்துல முட்டையும் கெடக்கு. இப்ப அனுப்புங்க மருந்த."

அன்றே அனுப்பினேன். அன்றே அடித்தாள். ஒரே தடவை. வாட்ஸ்அப்பிலும் போட்டேன், இதுதான் நிஜமான பூச்சி என்று. யார் கேட்டார்கள்? "போன வாரந்தான அடிச்சோம் அண்ணாச்சி, மறுபடி யாவாரமா?" என்று எழுதினார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எண்ணிக்கையை மட்டும் பார்க்கச் சொல்லிப் பழக்கியவன் நான்தானே? அப்போது பொறியைக்கூடப் பார்ப்பதை விட்டிருந்தார்கள்.

குருத்து சல்லடையான பிறகு கடைக்கு வந்தார்கள். உன் அண்ணனும் வந்தார். "என்னய்யா மொதலாளி, எந்தப் பூச்சிக்கு மருந்து குடுத்தீரு?" என்றார் ஒரு பெரியவர். கம்பெனி ஆளுக்குப் போன் செய்தேன். அவர் இப்போது வேறு கம்பெனியாம். அங்கே தென்னைக்கு ஏதோ விற்கிறாராம். தென்னைக்கு இனி ஆண்டவன் துணை.

செல்வி கதிர் ஒடித்துவிட்டாள். மணி முத்து முத்தாக இருக்கிறது. நான் கையில் அள்ளிப் பார்த்துத்தான் சொல்கிறேன், வியாபாரி வாயால். பங்காளிகள் குத்தகைப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்தால் என்னைத் தாண்டித்தான் எடுக்க வேண்டும்.

போன வாரம் போய் அவளைக் கடைக்கு வந்து உட்காரக் கூப்பிட்டேன். மின்விசிறிக்குக் கீழே நாற்காலி, சம்பளம், எல்லாம் சொன்னேன். விறகுக்குப் பருத்திமாரை அடுக்கிக்கொண்டே கேட்டுவிட்டு, "அங்க அவுகளச் சிரிச்சீகள்ல" என்றாள். அது அவளுக்குத் தெரியாது என்றே இருந்தேன். நீ அவளிடம் சொல்லியிருப்பாய் என்று நினைக்கவே இல்லை. என்ன சொன்னாய் மாப்ளே? கோபமாகச் சொன்னாயா, நீயும் சிரித்துக்கொண்டே சொன்னாயா? அதை மட்டும் அவளிடம் கேட்கத் தைரியம் வரவில்லை.

அவளே பிறகு பேரத்துக்கு வந்தாள். என் தங்கச்சிதானே! இனி உனக்கு நான் கொடுக்கிற வாக்கும் இதுதான், அவள் போட்ட கண்டிஷனும் இதுதான். அவள் கடைக்கு வர மாட்டாள், பூச்சி அவளிடம் போகும். செவ்வாயும் வெள்ளியும் விடிந்ததும் பொறிப் பைகளைக் கசங்காமல் அவள் வாசலுக்கு நான் சேர்க்க வேண்டும். அவள் துண்டுச்சீட்டு இல்லாமல் படைப்புழு மருந்து ஒரு பாட்டில்கூட என் கடையை விட்டு வெளியேறக் கூடாது. 'தெரியல' என்று அவள் எழுதினால் அதையும் வாங்குகிறவரிடம் அப்படியே படித்துக் காட்ட வேண்டும். உன் தீப்பெட்டி இரண்டும் கண்ணாடி மேசைமேல், நீ வைத்த அதே இடத்தில், திறந்தபடி இருக்கும். பார்த்துக் கொடுக்கும் கூலி விவசாயியிடம் வாங்கக் கூடாது, நான்தான் தர வேண்டும். பொறிக்கு இருபது ரூபாய். பதினைந்துக்குக் கேட்டுப் பார்த்தேன், படியவில்லை.

உன் மச்சான்,
கருப்பசாமி