ஸ்போர்ட்ஸ் காரில் உருளைக்கிழங்கு ஏற்றியவருக்கு

பெரியப்பா,

இன்று காலை ஷெட்டுப் பக்கம் போனேன். பெட்ரோல் வாடையும் ஈரமண் வாடையும் கலந்து வந்தன. எட்டிப் பார்த்தால் உங்கள் மகன் அந்தச் சிவப்புக் காரின் பின் டிக்கியில் உருளைக்கிழங்கு மூட்டையைத் திணித்துக்கொண்டிருந்தான். ஆள் போனால் அவரோடு அவர் புத்தியும் போய்விடும் என்று நினைத்திருந்தேன். நீங்கள் உங்களுடையதை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள், அதுவும் மூட்டை கட்டி.

பூண்டு விலை ஏறிய வருஷம் நம் ஊர் கவுஞ்சியில் ஆளாளுக்கு வீட்டுக்கு டைல்ஸ் போட்டார்கள். நீங்கள் மட்டும், கொடைக்கானல் பங்களாவைக் காலி செய்துவிட்டுப் போன யாரோ ஒருவரிடமிருந்து இரண்டே சீட் உள்ள அந்த வண்டியை வாங்கி வந்தீர்கள். தரையோடு தரையாகக் கிடக்கும் கார். உங்கள் தொந்தியை அதற்குள் இறக்க ஒரு ஆள் வேண்டும், வெளியே எடுக்க இரண்டு ஆள். ரப்பர் செருப்பு, மடித்துக் கட்டிய வேட்டி, மூடுபனியிலும் கழற்றாத கறுப்புக் கண்ணாடி. டீக்கடையில் ஒருவர், “ஏண்ணே, இதுல எத்தன மூட்ட ஏறும்?” என்று கேட்டார். நக்கலாகக் கேட்டதை நம்பி, வீட்டுக்கு வந்து டிக்கியைச் சாணால் அளந்து பார்த்த ஒரே மனிதர் நீங்கள்தான்.

நம் பக்கத்துப் பிக்கப் வண்டி காலியாக இருந்தால் மழையில் வாலை ஆட்டும். அதற்கு எஞ்சின் முன்னால், உந்தித் தள்ளுகிற சக்கரம் பின்னால். அந்தச் சக்கரத்தின் மேல் கனமில்லை. அதனால் சந்தையில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போதும் ஒன்றிரண்டு மூட்டையைப் பின்னால் விட்டுவைப்பார்கள். பிக்கப்புக்கு அது நல்ல வைத்தியம். நீங்கள் அதே வைத்தியத்தை இதற்கும் பார்த்தீர்கள். “பின்னாடி பாரம் கெடந்தாத்தான் புள்ள, வண்டி நிக்கும்” என்பீர்கள். இந்தக் காருக்கு எஞ்சினே சீட்டுக்குப் பின்னால் கிடந்தது. விருந்து முடிந்து ஏப்பம் விட்டவரை இழுத்து உட்கார வைத்து மறுபடியும் இலை போட்டீர்கள்.

டயர் விஷயம் இன்னும் கேவலம். தள்ளுகிற சக்கரத்துக்குத்தான் புது டயர் என்று பின்னால் மட்டும் புதிது மாட்டினீர்கள். முன்னால் இருந்த இரண்டும் உங்கள் தலையைப் போலவே வழுக்கை. தண்ணீரை ஒதுக்கித் தள்ளுகிற பள்ளம் ஒன்றுகூட அவற்றில் மிஞ்சவில்லை. மேலிருந்து அழுத்தக் கனமும் இல்லை, கீழே பிடிக்க ரப்பரும் இல்லை. முன்சக்கரம் எதை நம்பித் திரும்பும்? கொடைக்கானல் ஏரியைச் சுற்றி வாடகை சைக்கிள் ஓட்டிய பிள்ளைக்கெல்லாம் இது தெரியும். கேரியரில் ஒரு தடியனை ஏற்றிக்கொண்டு மேட்டில் மிதித்தால் ஹேண்டில்பார் பஞ்சாகிவிடும், சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்காது. நீங்கள் அந்தப் பஞ்சை ரசித்தீர்கள். ஸ்டியரிங் வெண்ணெய் மாதிரி இருக்கிறது என்று பெருமை பேசினீர்கள். வழுக்குவதும் வெண்ணெய்தான் என்று நான் சொன்னதற்குத் தலையில் ஒரு குட்டு.

பூம்பாறை வளைவில் அன்றைக்கு நல்ல மழை, பக்கத்துச் சீட்டில் நான். நீங்கள் வலப்பக்கம் ஒடித்தீர்கள், கார் நேராகப் போயிற்று. பயந்துபோய் ஆக்சிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தீர்கள். அதற்கென்றே காத்திருந்தது போலப் பின்பக்கம், கயிற்றில் கட்டிய வாளியாய் வீசிச் சுழன்றது. கேரட் தோட்டத்தில் போய், வந்த வழியைப் பார்த்தபடி உட்கார்ந்தோம். உருளைக்கிழங்கு அடுக்குத் தோட்டத்தின் படிகளில் உருண்டு இறங்கிப் போனது. தோட்டக்காரர் ஓடி வந்து யாருக்காவது அடியா என்று கேட்டார். நீங்கள் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

“ஒண்ணுமில்லப்பா. பின்னாடி பாரம் பத்தல.”

கோயம்புத்தூரில் வண்டியைச் சரி செய்து கொண்டுவந்ததும் இன்னொரு மூட்டையைச் சேர்த்தீர்கள்.

கடைசியில் நெஞ்சுவலி வந்து, கட்டிலில் படுத்தபடியே போனீர்கள். அதுதான் எங்கள் கெட்ட காலம். கார் உங்களைக் கொல்லாததால் நீங்கள் சொன்னதெல்லாம் சரி என்று ஆகிவிட்டது. உங்கள் போட்டோவுக்கு மாலை, உங்கள் முட்டாள்தனத்துக்கு மரியாதை.

நேற்று மதினிக்கு வளைகாப்பு. இன்று தாய்வீடு போகிற நாள். பண்ணைக்காட்டிலிருந்து அவள் அப்பா ஜீப்போடு வந்து காத்திருந்தார். அண்ணனோ, என் பிள்ளை எங்கப்பா காரில்தான் போய் இறங்கும் என்று ஒற்றைக்காலில் நின்றான். வெளியே மழை பிடித்துக்கொண்டது. கீழே இறங்கும் வளைவுகள் எத்தனை என்று எல்லோருக்கும் தெரியும். நான் மூட்டையைச் சொன்னேன், டயரைச் சொன்னேன்.

“அப்பா ஓட்டலயா? ஒனக்கென்ன சோலி இங்க, போ கழுத.”

“சரிண்ணே, லோடு ஏத்துற களத்துல ஒரு சுத்து சுத்திக் காட்டு. நானும் ஏறிக்கிறேன். பெறகு மதினிய ஏத்து.”

உசுப்பினால் உங்கள் ரத்தம் சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும். களம் சிமெண்டுத் தரை, ஆளில்லை, தண்ணீர் தேங்கிக் கிடந்தது. மதினி குடைக்குக் கீழே, வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள். அண்ணன் வட்டமடித்துத் திருப்பினான். கார் நேராகப் போயிற்று. காலை எடுத்தான். வால் வீசியது. வந்த பக்கத்தைப் பார்த்தபடி நின்றோம். அவன் இறங்கிப் போய் மூட்டைகளைத் தூக்கிக் கீழே போட்டான். திரும்பவும் ஓட்டினான். இந்தத் தடவை வால் அடங்கிப் பின்னால் வந்தது. ஆனால் வழுக்கை டயர் விடவில்லை, முன்பக்கம் அப்போதும் வட்டத்தை விட்டு வெளியே இழுத்துக்கொண்டு போனது. மூட்டை பாதிக் குற்றவாளி, டயர் மீதி.

மதினி கிட்டே வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

“ஏங்க, நான் அப்பாவோட ஜீப்புலயே போறேன். நாலு டயரையும் மாத்திட்டு, புள்ளயப் பாக்க வெரசா வாங்க.”

அண்ணன் தலையாட்டினான். “அப்பா தப்பாச் சொல்லிட்டாரு” என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. மதினியின் பையை எடுத்து அவனே ஜீப்பில் வைத்தான்.

ஜீப் போன பிறகு இதை எழுதுகிறேன். களத்தில் கார் சுழன்றபோது அண்ணனின் இடது கை ஸ்டியரிங்கை விட்டு வந்து, என் நெஞ்சுக்குக் குறுக்கே விழுந்து, என்னைச் சீட்டோடு அழுத்திப் பிடித்தது. அப்போதுதான் நினைவு வந்தது. பூம்பாறை வளைவில் நீங்களும் அதையேதான் செய்தீர்கள். அந்தக் கதையை நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், பஸ்ஸில் சொல்லியிருக்கிறேன், நீங்கள் போன அன்று துஷ்டி வீட்டில்கூடச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அந்தக் கையை மட்டும் எங்கேயும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பு நின்றுவிடும்.

அதுவும் தப்புத்தான், பெரியப்பா. வண்டி சுழலும்போது இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும். உங்கள் மூட்டையைத் திருத்திவிட்டேன், டயரும் மாறப்போகிறது. இதை மட்டும் நான் அண்ணனிடம் சொல்லவில்லை.