'அடுத்து' என்று நான் சொன்னதைத் திருத்தக் கோருதல்

அனுப்புநர்:
யோ. வேதமாணிக்கம்,
தையல்காரர், செங்கல் கிராமம்,
நெய்யாற்றின்கரை தாலுகா.

பெறுநர்:
பள்ளிக்கூட ஆய்வாளர் அவர்கள்.

பொருள்: எங்கள் ஊர்ப் பள்ளியில் நின்றுபோன தமிழ் வகுப்பை மீண்டும் நடத்தக் கேட்பது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தமிழ் வகுப்பு தேவையா என்று தாங்கள் விசாரணைக்கு வந்த அன்று ஊராருக்காகப் பதில் சொன்னவன் நான்தான். ஏழாம் வகுப்பைத் தொட்டவன் என்று என்னை முன்னே தள்ளினார்கள். நானும் தள்ளிய இடத்துக்கும் ஓர் அடி தாண்டிப் போய் நின்றேன். எல்லைப் போராட்டக் காலமாகையால் அதிகாரியிடம் தமிழைத் தவிர வேறு பேசுவதில்லை என்றும் முடிவு செய்திருந்தேன். சந்தையில் மீன் வாங்குவது மலையாளத்தில்தான் என்பது வேறு.

2. வேறு தமிழ்ப் பள்ளி "அடுத்துண்டோ" என்று தாங்கள் மலையாளத்தில் கேட்டீர்கள். பக்கத்தில் உண்டா என்பது அதன் பொருள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அன்று என் காதும் தமிழ்க் காதாகவே நின்றுவிட்டது. இதற்கு அடுத்தபடியாக ஒன்று உண்டா என்று எடுத்துக்கொண்டு, "அடுத்து உண்டு ஐயா" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். பக்கத்தில் உண்டு என்று தாங்கள் எழுதிக்கொண்டீர்கள்; இங்கே வகுப்பும் நின்றது. தங்கள் மேல் குற்றமில்லை.

3. அந்த அடுத்த பள்ளி பாறசாலைக்கும் அப்பால் இருக்கிறது. வகுப்பு நின்றதும் மற்றப் பிள்ளைகள் மலையாள வகுப்பில் உட்கார்ந்து விழிக்கிறார்கள். என் மகள் சுகிர்தபாயை மட்டும் வீம்புக்கு அங்கே நடத்திக் கூட்டிச் சென்றேன். நல்ல மழை. வயல் வரப்பில் வழுக்கி விழுந்து எழுந்தவள், "அப்பா, அடுத்துக்கு இனி எவ்வளவு தூரம் உண்டு?" என்று கேட்டாள். அதுதான் பள்ளியின் பெயர் என்று நினைத்துவிட்டாள். தோளில் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

4. ஊரில் தலைகாட்ட முடியவில்லை. துணி தைக்கக் கொடுக்க வரும் பொன்னையன், "எலே அடுத்து, அடுத்து எதைலே அடைக்கப் போற?" என்கிறான். என் மனைவி ஞானபாய், "ஆபீசர் முன்னால நீங்க வாய அடைச்சிருந்தா தமிழ் வகுப்பு தொறந்திருக்கும்" என்கிறாள். அதில் பிழை காண என்னால் இயலவில்லை.

5. ஆகையால் ஐயா அவர்கள் என் வாக்கை வெட்டிவிட்டு, "தூரம்" என்று எழுதி, வகுப்பை மீண்டும் நடத்த உத்தரவிட வேண்டுகிறேன். தூரத்துக்கு இரண்டு மொழியிலும் ஒரே பொருள்தான்; இம்முறை கேட்டுத் தெரிந்துகொண்டே எழுதுகிறேன். சந்தேகம் இருந்தால் தாங்களே அவ்வழி நடந்து பார்க்கலாம்; நான் குடை பிடிக்கிறேன். என் வீடு நம் பள்ளி வேலியை ஒட்டியது. தெரியாவிட்டால் "அடுத்து" வீடு எது என்று யாரிடமும் கேட்கலாம்; சிரித்துக்கொண்டே காட்டுவார்கள்.

இடம்: செங்கல்
நாள்: 14-6-1955

தலைகுனிந்து,
யோ. வேதமாணிக்கம்
(சுகிர்தபாயின் தகப்பன்)