செண்பகம் வீட்டு எல்லைக் கல்

மஸ்கட்டில் இருக்கும் என் மகள் தமிழ்செல்விக்கு அம்மா அஞ்சம்மாள் எழுதுவது. என் முட்டி வலியைத் தவிர இங்கே எல்லாரும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பூமிகாவும் குறையில்லாமல் இருக்கப் பெரியபாளையத்தாளை வேண்டிக்கொண்டுதான் பேனாவைத் தொட்டேன். போனில் சொன்னால் நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன், அதனால் மூன்றாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு மூன்று நாளாக எழுதுகிறேன். கோபம் வந்தாலும் கடைசி வரை படி.

கம்பெனிகள் கும்மிடிப்பூண்டியைத் தாண்டி நம் ஏரிக்கரை வரைக்கும் வந்துவிட்டன. லாரி ரோட்டை அகலப்படுத்துகிறார்கள், பஸ் நிற்க இடம், பால்வாடி, கால்வாய் என்று ஊருக்கே புது பிளான் போடுகிறார்கள். பக்கத்து மனை லோகு, பட்டாளத்தில் ஒரு காலைக் கண்ணிவெடிக்குக் கொடுத்துவிட்டு வந்தவன், தன் வீட்டை ஒட்டின காலி இடத்தைப் பட்டாளத்தாருக்குக் கூடம் கட்ட எழுதித் தருவதாகச் சொன்னான். சுற்றுவட்டத்தில் அவர்கள் பதினான்கு பேர். பென்ஷனுக்காக உயிரோடு இருக்கிறேன் என்று காட்டுவதற்குக்கூட இரண்டு பஸ் மாறித் திருவள்ளூர் போகிறார்கள். போன கார்த்திகையில் பாக்கியநாதன் அப்படிப் போகும்போது பஸ் படியில் விழுந்து இடுப்பு உடைந்தது, இன்னும் கட்டிலில்தான் கிடக்கிறார். கூடம் இருந்தால் ஆபீஸ்காரர்களே மாதம் ஒருமுறை இங்கே வந்து உட்காருவார்களாம்.

ஆகஸ்ட் பதினைந்து கிராம சபையில் பிளான் போடுகிறவர் மேப்பை விரித்து, ரோட்டுக்குப் போனது போக அஞ்சடி பத்தல பெரியவரே, நொண்டிக்கினு வர்றவங்க ஏற சரிவு கட்டணும், அதுக்கு எடமில்ல, அங்க லாரி நிறுத்த உட்றலாம் என்றார். லோகு நீட்டியிருந்த கட்டைக்காலைக் கையால் இழுத்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தான். அந்த ஐந்தடி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும் செல்வி. நீ வீடு கட்டப் போகிற மனைக்குள் இருக்கிறது.

நீ பிறந்தபோது லோகுவின் அம்மா செண்பகம் அடிபம்பில் ஆறு பொம்பளைகளுக்கு நடுவில், மூணாவதும் பொட்டையா, இந்த ஊட்டுக்கு இன்னாத்துக்கு அவ்ளோ பெரிய மனை என்று சிரித்தாள். பச்சைப் புடவை கட்டியிருந்தாள், குடம் வழிந்துகொண்டிருந்தது, எனக்கு ஒன்றும் மறக்கவில்லை. அந்த ஆடி மூன்றாம் ஞாயிறு ஊரே வண்டி கட்டிப் பெரியபாளையம் போயிற்று. பிள்ளை பெற்ற தீட்டு என்று நாம் மட்டும் போகவில்லை. பட்டப்பகலில் உன் அப்பாவை நச்சரித்துக் கடப்பாரை எடுக்க வைத்து, எல்லைக் கல்லைப் பிடுங்கி அவர்கள் பக்கம் ஐந்தடி தள்ளி நட வைத்தேன். இருபத்தேழு நாள் குழந்தையாக உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு அடி அளந்தவள் நான்தான். லோகு அப்போது எங்கோ பனியில் காவல் நின்றுகொண்டிருந்தான்.

இதையெல்லாம் சபையில் எழுந்து சொல்லி, அந்த ஐந்தடியைத் திருப்பித் தருவதாகவும் சொல்லிவிட்டேன். உன் சித்தி முந்தானையைப் பிடித்து இழுத்து, இன்னாக்கா, வெளிநாட்ல கஷ்டப்படற பொண்ணு எடத்த வாரிக் குடுத்துக்கினு கீறியே, புத்தி பூட்ச்சா என்றாள். லோகு என்ன சொன்னான் தெரியுமா, எனக்கு அப்பவே தெரியும் அண்ணி, லீவுல வந்தன்னிக்கே கல்லப் பார்த்தேன், எங்கம்மா பேசினதையும் கேள்விப்பட்டேன், அந்தக் கொழந்தைக்கு இருக்கட்டும்னு உட்டுட்டேன் என்றான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தெரிந்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா, நாற்பத்துநாலு வருஷம் அவன் வாசலைத் தாண்டும்போதெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டே போனேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், அதை யாரிடமும் சொல்லாதே.

மனை உன் பேரில் இருக்கிறது, உன் கையெழுத்து இல்லாமல் கல்லை நகர்த்த முடியாதாம். உன்னைக் கேட்காமல் வாய் விட்டது என் தப்பு, ஒரே மண்ணில் இரண்டாவது தப்பு. கயிறு பிடித்து அளந்து பார்த்தேன், கார் நிறுத்த இடம் போகும், நீ ஆசைப்பட்ட கிழக்குப் பார்த்த சமையலறை அப்படியே நிற்கும். நீ மாட்டேன் என்றாலும் நான் உனக்கு அம்மாதான், ஆனால் காந்தி ஜெயந்தி சபைக்குள் நீ கையெழுத்துப் போட்ட பேப்பர் வராவிட்டால் அங்கே லாரிதான் நிற்கும்.

டியூட்டிக்குப் போகும் அவசரத்தில் வெறும் டீயைக் குடித்துவிட்டு ஓடாதே, ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க நிற்கிற உடம்பு. பூமிகாவுக்கு வாரம் ஒருமுறையாவது எண்ணெய் வை. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழுங்கள். பேப்பர் இதோடு வைத்திருக்கிறேன், எம்பஸியில் முத்திரை வாங்க மறக்காதே. செண்பகம் செத்துப் பதினொரு வருஷம் ஆகிறது, இன்னும் அவளை நான் மன்னிக்கவில்லை. மூணாவது பொட்டை என்றாளே, அந்தப் பொட்டை கையெழுத்துப் போட்டால்தான் அவள் மகன் கூடம் எழும்பும். போடு கண்ணே, அவள் எங்கே இருந்தாலும் பார்க்கட்டும்.

இப்படிக்கு உன்னைத் தோளில் சுமந்த
அம்மா அஞ்சம்மாள்