மடக்காத கத்தி

அன்புள்ள என்னங்க,

கடிதத்திலும் உங்களை இப்படித்தான் கூப்பிட வருகிறது. முழங்கால் வலி தேவலையா? பாப்பாவுக்கு இருமல் நின்றதா? நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன்.

போன வாரம் பழத்தோட்டத்தில் கயிறு அறுக்கும்போது, என் மடக்குக் கத்தி தானாக மடங்கி விரலைக் கடித்துவிட்டது. இரண்டே தையல்தான், பயப்படாதீர்கள். விடுமுறையன்று மடக்காத கத்தி ஒன்று வாங்கப் போனேன்.

கடைக்காரர் முழங்கை நீளத்துக்கு ஒன்றை நீட்டினார். "இது கரடியையே கிழிச்சிடும்மா!"

"எனக்கும் கரடிக்கும் என்ன வாய்க்கா வரப்புத் தகராறா அண்ணே? கயிறு அறுக்கணும், மதியம் ஒரு பழம் நறுக்கணும், அவ்வளவுதான்."

பிறகு என் வேலைக் கையுறையை எடுத்து, அவர் குடிக்க வைத்திருந்த தண்ணீரிலேயே நனைத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு கத்தியாகப் பிடித்துப் பார்த்தேன். அவர் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! பளபளப்பானதெல்லாம் வழுக்கியது. சொரசொரப்பான பிடியும் நான்கு விரல் நீள அலகும் உள்ள ஒரு குட்டிக் கத்திதான் ஈரக் கையிலும் அசையாமல் நின்றது. அதையே வாங்கினேன். இப்போது தோட்டத்தில் எல்லோரும் இரவல் கேட்கிறார்கள். கொடுப்பேனா?

ஒரு சின்ன உதவி. கத்தி உறையை இடுப்பில் மாட்ட பெல்ட் வேண்டும். நீங்கள் தினமும் போடுகிற தோல் பெல்ட்டை அனுப்புங்கள். அங்கே கிடைக்காதா என்று கேட்காதீர்கள், கிடைக்கிறது. நீங்கள் புதிது வாங்கிக்கொள்ளுங்கள். என் அளவுக்கு ஓட்டையை நானே போட்டுக்கொள்வேன்.

தோட்டத்துக்குக் கூட்டிப்போகும் வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார், முடிக்கிறேன்.

உங்கள் கத்திக்காரி

பி.கு.: பெல்ட்டைத் துடைக்க வேண்டாம். இடுப்பிலிருந்து கழற்றி அப்படியே அனுப்புங்கள்.