பாண்டிச்செல்வி கதை சொன்ன சனிக்கிழமை

மே 12, திங்கள்

காலையிலேயே அனல். அக்னி நட்சத்திரம். நூலகத்துக் கூடத்து மின்விசிறி நேற்றுச் சரி செய்தது, இன்று மறுபடியும் கிரீச் கிரீச். சுற்றுவதே பெரிய காரியம்.

கோடை முகாம் முதல் நாள். எதிர்பார்த்ததைவிடப் பிள்ளைகள் அதிகம். பாய் போதவில்லை. வாசகர் வட்டத் தலைவி வள்ளியம்மை ஆச்சி வீட்டிலிருந்து இரண்டு ஜமுக்காளம் கொடுத்தனுப்பினார். கூடவே ஒரு தூக்கு நிறைய மாவுருண்டை.

இந்த வாரம்:
திங்கள் - காகித மடிப்பு
செவ்வாய் - சதுரங்கம்
புதன் - ஓவியம்
வியாழன் - அறிவியல் விளையாட்டு (பலூன் வாங்க வேண்டும்)
வெள்ளி - நூலக விடுமுறை
சனி - கதை சொல்லல். மதுரையிலிருந்து கதைசொல்லி வருகிறார். பெற்றோரும் வரலாம்.

முடிக்கும்போது முதலையும் கொக்கும் வரும் ஒரு கதையை வாசித்துக் காட்டினேன். சுமாராகத்தான் வாசித்தேன்.

மதியம் கேட்டைப் பூட்டப் போனபோது ஒன்று பார்த்தேன். மித்ரா என்றொரு பெண், ஐந்தாம் வகுப்பு முடித்தவள். அழைத்துப் போக அவள் அம்மா வந்திருந்தார். அம்மாவுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. மித்ரா கையாலேயே என் முதலைக் கதையை அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா அதை வாங்கித் திருப்பிச் சொன்னார். இரண்டு முழங்கையையும் சேர்த்து வைத்து மெல்லத் திறந்தார், அவ்வளவுதான். அது முதலை. சைக்கிள் எடுக்க வந்த பிள்ளைகள் அப்படியே நின்றுவிட்டார்கள். நானும் பூட்டும் கையுமாக நின்றேன்.

பெயர் பாண்டிச்செல்வியாம். நைட்டி தைக்கும் கம்பெனியில் வேலை.

மே 13, செவ்வாய்

கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தாயிற்று. முழங்கால் வலி பரவாயில்லை.

மதுரையிலிருந்து ஃபோன். கதைசொல்லியின் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம், சனிக்கிழமை வர முடியாதாம். பாவம், என்ன சொல்வது. பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எப்படி என்று தெரியவில்லை. நோட்டீஸ் வேறு ஒட்டியாயிற்று.

யோசிக்க யோசிக்க அந்த முதலைதான் கண்ணில் நின்றது. ஆச்சியிடம் சொன்னேன்.

"சத்தமே இல்லாமக் கதையா? பிள்ளைக உக்காருமா ஆத்தா?"

"நேத்து நீங்க பாத்திருந்தா இப்படிக் கேக்க மாட்டீக ஆச்சி."

"சரி, நீ பாத்திருக்கே. கேளு."

மதியம் கேட்டருகே கேட்டேன். மித்ரா வழியாகத்தான் கேட்க முடியும். சனிக்கிழமை நீங்கள் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல வேண்டும் என்றேன். மித்ரா அம்மாவுக்குச் சுருக்கமாக ஏதோ காட்டினாள். அம்மா என்னைப் பார்த்துப் பலமாகத் தலையாட்டினார். சிரித்தார்.

மித்ரா சொன்னாள்: "அம்மாவுக்கு வேலை இருக்காம் மேடம். வர முடியாதாம்."

தலையாட்டியதும் சொன்னதும் பொருந்தவில்லை. நமக்குச் சைகை தெரியாது, இருக்கலாம் என்று விட்டுவிட்டேன். ஏமாற்றம்.

மே 14, புதன்

பதினொரு மணியிலிருந்து மின்தடை. பிள்ளைகள் வியர்வையோடு வரைந்தார்கள். ஒரு பையன் படத்தில் சூரியனுக்கு மீசை.

எல்லாரும் போன பிறகு பாண்டிச்செல்வி தனியாக வந்தார். சாப்பாட்டு இடைவேளை போலிருக்கிறது. கையில் ஒரு பை. மேசையில் கவிழ்த்தார். வண்ண வண்ணத் துணித் துண்டுகள், நூல்கண்டு, ஊசி ஒரு பாக்கெட். பிறகு நோட்டீஸில் 'சனி' என்ற இடத்தைத் தொட்டுக் காட்டினார். இதுதானே கேட்டீர்கள் என்பது போல.

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு ஓடியது. மித்ரா நான் கேட்டதைச் சொல்லவில்லை. மேடம் துணி கேட்கிறார் என்று சொல்லியிருக்கிறாள்.

ஒரு தாளில் எழுதினேன்: 'துணி கேட்கவில்லை. உங்களைக் கதை சொல்லக் கேட்டேன். நீங்கள் வர முடியாது என்று மித்ரா சொன்னாள்.'

எழுத்தின் மேல் விரல் வைத்து மெதுவாகப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். முகம் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டது. துணித் துண்டுகளை ஒவ்வொன்றாக மடித்துப் பையில் போட்டார். எழுதிக் கொடுத்தது தப்போ, குழந்தையைக் காட்டிக் கொடுத்துவிட்டேனோ.

பையை மூடிய பிறகு நெஞ்சில் கை வைத்தார். கூடத்தின் முன்னால் கிடந்த நாற்காலியைக் காட்டினார். நான். அங்கே.

போகும்போது மகளின் உயரத்தைக் கையால் காட்டி, உதட்டில் விரல் வைத்தார். திட்ட வேண்டாம் என்கிறார்.

மே 15, வியாழன்

பலூன் எல்லாம் வெடித்துத் தீர்ந்தது.

மித்ராவைப் பருவ இதழ்கள் இருக்கும் பக்கம் கூப்பிட்டேன். திட்டவில்லை. நான் கேட்பதற்குள்ளாகவே, "அம்மா வீட்ல சொல்லிட்டாங்க" என்றாள்.

"ஏன்த்தா அப்படிச் சொன்னே?"

அலமாரியைச் சுரண்டினாள். பிறகு கொட்டினாள். போன வருஷம் பள்ளி ஆண்டு விழா. அவளுக்குப் பரிசு. மேடைக்கு வந்த அம்மா கையை ஆட்டி ஆசிரியரிடம் ஏதோ சொல்ல, கீழே பையன்கள் அதே மாதிரி கையை ஆட்டிச் சிரித்திருக்கிறார்கள். வருஷம் முழுக்க அதே கேலி.

"அம்மா அந்தப் பக்கம் திரும்பி நின்னாங்க. அவங்களுக்குத் தெரியாது மேடம். எனக்குத்தான் தெரியும்."

அவள் சுரண்டி உதிர்ந்த பெயின்ட்டைத் தட்டிவிட்டேன்.

"நானும் பக்கத்துல நிக்கிறேன். அம்மா காட்டக் காட்ட நான் வாயால சொல்லிருவேன். அப்பச் சிரிக்க மாட்டாங்க."

சரி என்றேன். சரிதானா என்று தெரியவில்லை.

மே 16, வெள்ளி

விடுமுறை. தோசை மாவு அரைத்தேன். பிள்ளையார்பட்டி போய் வந்தேன், கூட்டம். எல்லாருக்கும் வேண்டிக்கொண்டு கடைசியில் நாளைக்கும் சேர்த்து. பிள்ளைகள் சிரித்துவிட்டால்? நினைப்பு அதைவிட்டு நகரவில்லை.

மே 17, சனி

எழுதி வைத்துவிட வேண்டும். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

கூடம் நிறைந்து வாசல் வரை ஆள். பெற்றோர்கள், இரண்டு மூன்று தாத்தாக்கள், பேப்பர் படிக்க வந்து மாட்டிக்கொண்டவர்கள். ஒருவர் பின்னாலிருந்து, "வாய் பேசாத பொம்பளையா? அப்ப ஊமைப்படந்தான்" என்றார். ஆச்சி திரும்பிப் பார்த்தார், அந்த ஆள் அடங்கிவிட்டார்.

பாண்டிச்செல்வி நாற்காலியில் உட்காரவில்லை. அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பக்கத்தில் மித்ரா, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

ஆரம்பம். இரட்டைச் சடை, இடுப்புயரம்.

"ஒரு சின்னப் பொண்ணு" என்றாள் மித்ரா.

பொட்டல். தூசி. டிராக்டர் மேலும் வண்டி மேலும் ஏறி நிற்கிற ஜனம்.

"மஞ்சுவிரட்டு நடக்குது. எங்க அம்மாச்சி ஊரு."

அந்தச் சின்னப் பெண் கையில் பனங்கிழங்கு. நார் உரிக்கிறாள். உரிக்க உரிக்க வருகிறது. பல்லிடுக்கில் ஒரு நார் மாட்டிக்கொண்டது, இழுத்தால் வரவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். மித்ரா விறைத்துப்போனாள். பாண்டிச்செல்வி அந்தச் சிரிப்பை நின்று பார்த்தார், அது முடியட்டும் என்று காத்திருந்தார், பிறகு இன்னொரு நாரை இழுத்தார். மறுபடி சிரிப்பு. கேலிச் சிரிப்பு இல்லை. மித்ராவும் அதைக் கண்டுகொண்டாள் என்று நினைக்கிறேன், தோள் இறங்கியது.

அப்புறம் அந்தச் சின்னப் பெண் தலை நிமிர்ந்தாள்.

எதிரே நிற்கிற ஒவ்வொரு முகமும் பாண்டிச்செல்வியின் முகத்தில் வந்து போனது. ஒரு கிழவர். பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கும் ஒருத்தி. டிராக்டர் மேல் ஓர் இளவட்டம். எல்லா வாயும் திறந்திருக்கிறது, எல்லாக் கண்ணும் அவளுக்குப் பின்னால் எதையோ பார்க்கிறது. அவர்கள் கத்துகிறார்கள். அவளுக்குக் கேட்கவில்லை.

"எல்லாரும்..." என்று தொடங்கிய மித்ரா நிறுத்திவிட்டாள். அம்மாவைப் பார்த்துக் கையால் என்னவோ கேட்டாள். இந்தக் கதை அவளுக்கே தெரியாது. பாண்டிச்செல்வி இரண்டு விரலைத் தாழ்த்திக் காட்டினார். உட்கார்.

மித்ரா ஜமுக்காளத்து ஓரத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு குரல் இல்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும். வெறுங்கால் தரையை அழுத்தியது. தரை அதிர்வதை அவர் கால் உணர்வது எங்களுக்கெல்லாம் தெரிந்தது. மெல்லத் திரும்பினார். கூடத்தில் இருந்த அத்தனை பிள்ளைகளும் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் பெற்றோரும் பேப்பர் ஸ்டாண்டும்தான்.

முன்னால் திரும்பினால் அங்கே காளை நின்றது. பாண்டிச்செல்வி ஒல்லியான பெண். தோள் எப்படி அகன்றது, கழுத்து எப்படித் தாழ்ந்தது, எனக்குத் தெரியவில்லை. நான் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினேன். ஆச்சி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். காளையின் கண், உடனே அந்தக் குழந்தையின் கண், மறுபடி காளை. மூச்சுக் காற்றில் கிழங்கின் நார் ஆடுகிறது. குழந்தை ஓடவில்லை. கையில் இருந்த கிழங்கை நீட்டினாள்.

காளை முகர்ந்தது. ஒதுங்கியது. பக்கத்தில் உரசிக்கொண்டு போனது, சடை பறந்தது. போய்விட்டது.

குழந்தை கிழங்கைப் பார்த்தாள். ஒரு கடி கடித்தாள்.

 பிறகு கூடம் இடிகிற மாதிரி கைதட்டல். அதற்கு நடுவில் மித்ரா எழுந்தாள், மூஞ்சியெல்லாம் கண்ணீர்.

"கை தட்டினா அம்மாவுக்குக் கேக்காது. இப்படிச் செய்யுங்க."

இரண்டு கையையும் உயர்த்தி விரல்களை விரித்து ஆட்டினாள். ஒவ்வொருவராக எல்லாரும் உயர்த்தினார்கள். ஊமைப்படம் என்றவரும். சத்தமில்லாமல் கூடம் முழுக்கக் கை. பாண்டிச்செல்வி அத்தனையையும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

ஆச்சி என் மணிக்கட்டை இன்னும் விடவில்லை. "நான் எதைப் பாத்தேன் ஆத்தா" என்றார். 

போகும்போது மித்ரா: "இதை என்கிட்டச் சொன்னதே இல்லை மேடம். ஏன்னு கேட்டேன். கடைக்காரர் என்ன சொல்றாரு, பேங்குல என்ன சொல்றாங்க, இதையெல்லாம் எனக்குச் சொல்லவே உனக்கு நேரம் பத்தலையேங்கிறாங்க."

மே 19, திங்கள்

நேற்று இடி, மழை. காற்று கொஞ்சம் இளகியிருக்கிறது. முகாம் இரண்டாம் வாரம். தைக்கும் கம்பெனியில் பாண்டிச்செல்விக்கு அரை மணி முன்னதாக விட்டார்களாம்.

எங்கு பார்த்தாலும் காளை. சதுரங்கப் பலகை முன்னால் காளை, தண்ணீர்க் குழாயடியில் காளை. மித்ரா ஒருவனைத் திருத்திக்கொண்டிருந்தாள்: "அது ஆடு. கொம்பை இன்னும் அகலமா வையி."

மதியம் கேட்டருகே பாண்டிச்செல்வியைச் சுற்றிப் பிள்ளைகள். யாரும் மித்ராவைக் கேட்கவில்லை. தப்பும் தவறுமாக அவர்களே கையால் கேட்கிறார்கள், அவர் பொறுமையாகப் பதில் சொல்கிறார், புரியாவிட்டால் இன்னொரு விதமாக. மித்ரா பையை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். சும்மா. அவளுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்தாள்.

"மேடம், மூடப் போறீகளா?"

"இல்லத்தா. என்ன வேணும்?"

அலமாரியிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை உருவிக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே போய் உட்கார்ந்தாள். அவள் அம்மா ஜன்னல் வழியாக ஒரு தடவை எட்டிப் பார்த்தார், கூப்பிடவில்லை. மித்ரா நிமிரவில்லை. பக்கம் திருப்பினாள்.